பிசிஎம் (காடியோட பாடி கண்ட்ரோல் மாட்யூல் பெட்டி) மாத்தணுமாம், 2,400 வெள்ளி (ரிங்கிட்). உண்மையா?

ஜெலுத்தோங் சுரேன் | ஞாயிறு, இரவு 10.48

வணக்கம் மக்களே. காடி 7 வருஷ செடான். பேரு சொன்னா அந்த பிராண்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க, வேணாம். நான் வேலைக்கு மோட்டார்ல போற ஆளு, காடி வாரக் கடைசிக்குத்தான்.

மூணு வாரமா சனிக்கிழமை எடுத்தா ஸ்டார்ட் ஆகல. பேட்டரி கோசோங், சார்ஜே இல்ல. ஜம்பர் போட்டா ஓடும். புது பேட்டரி போட்டது திங்கள்கிழமை, அதே வாரம் சனிக்கிழமை மறுபடி கோசோங். இது மட்டும்னா சமாளிச்சிருப்பேன். நேத்து பாலத்துல வரேன், மழை விட்டு பத்து நிமிஷம் ஆச்சு, வைப்பரை ஆஃப் பண்ணிட்டேன். அது பாட்டுக்கு ஒரு வீச்சு வீசுது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு வீச்சு. "உங்களுக்கு டாட்டா காட்டுது"ன்னு வீட்ல சிரிக்கிறா. ராத்திரி ரெண்டு மணிக்கு அஞ்சாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தா, கீழே காடிக்குள்ள ரூம் லைட் எரியுது. கதவெல்லாம் பூட்டித்தான் இருக்கு.

ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனர் போட்டாங்க. அரை மணி நேரத்துல தீர்ப்பு: "பிசிஎம் போச்சு பாஸ். புதுசு 2,400 வெள்ளி, பொட்டோங் கடையில (பழைய காடியைப் பிரிச்சு விக்கற கடை) எடுத்தா 600." தீபாவளிக்கு சுங்கை சிப்புட்ல மாமியார் வீட்டுக்குப் போகணும், இன்னும் 12 நாள்தான். அந்தப் பெட்டி அப்படி என்னதான் செய்யுது? வைப்பர், ரூம் லைட், பேட்டரி மூணுக்கும் ஒரே பெட்டி எப்படிக் காரணமாகும்?

பழைய சாகா | ஞாயிறு, இரவு 11.15

இதுக்குத்தான் சொல்றேன் பழசே நல்லதுன்னு. 1985-ல புரோட்டான் சாகா காடியும் வந்தது, பினாங்குப் பாலமும் திறந்தாங்க. நான் ரெண்டையும் ஒண்ணா அனுபவிச்சவன். என் சாகாவுல சிக்னல் போகலன்னா டேஷ்போர்டுக்குக் கீழே கை விட்டு அந்தச் சின்ன டப்பாவைப் பிடுங்கி வேற சொருகுவேன். 15 வெள்ளி. டிக் டிக்னு அது போடுற சத்தத்துலயே உடம்பு எப்படி இருக்குன்னு தெரிஞ்சிடும். இப்போ அந்த டிக் டிக் கூட ஸ்பீக்கர்ல பொய்யா வருதாம்.

வயர்மேன் பாகான் | ஞாயிறு, இரவு 11.52

தம்பி சுரேன், எதையும் வாங்காதே. நாலு கேள்வி.

ஸ்கேனர்ல என்ன எரர் கோடு வந்துச்சு? எழுதி வச்சியா? காடியில டாஷ்கேம், அலாரம், எல்இடி எதாவது அக்செஸரி கடையில மாட்டினியா? காடி எங்க நிக்குது, மரத்துக்குக் கீழேயா? டிரைவர் பக்கம் கால் பாயைத் தூக்கிப் பார்த்தியா?

ஜெலுத்தோங் சுரேன் | திங்கள், காலை 7.05

அண்ணே, கோடு ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன். யூ 0140ன்னு ஒண்ணு, இன்னும் மூணு நாலு யூல ஆரம்பிக்கிறது. டாஷ்கேம் இருக்கு, போன வருஷம் மாட்டினது. பார்க்கிங்லயும் ரெக்கார்ட் ஆகும். ஃப்ளாட்டுக்குக் கீழே அங்சானா மரம், அதுக்கடியிலதான் எப்பவும் நிக்கும். பாயைப் பார்க்கல.

நைட் ஷிஃப்ட் | திங்கள், காலை 8.20

வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்திருக்கேன், தூங்கறதுக்கு முன்னாடி எழுதிடறேன். நான் பாயான் லெப்பாஸ்ல சில்லு டெஸ்ட் பண்ற இடத்துல இருக்கேன். 1972-ல அந்த வட்டாரத்துல ஃபேக்டரி ஆரம்பிச்ச காலத்துல எங்கம்மா மைக்ராஸ்கோப்ல கண்ணு வச்சு வேலை பார்த்தாங்க. இப்போ எங்க லைன்ல போற சரக்குல பாதி காடிக்குத்தான்.

சுரேன் கேட்டது நல்ல கேள்வி. பழைய காடியில சுவிட்ச்தான் மதகு. அதைத் திருப்பினா அது வழியாவோ, அது இழுத்த ரிலே (கரண்டால இயங்கற சுவிட்ச்) வழியாவோ கரண்ட் ஓடி லாம்பு எரியும். இப்போ சுவிட்ச் மனு கொடுக்கிறதோட சரி. கையெழுத்துப் போடுறது பிசிஎம். ஹெட்லைட், சிக்னல், ஹார்ன், வைப்பர், கதவுப் பூட்டு, ரூம் லைட், பின் கண்ணாடி சூடு, பல காடிகள்ல சாவி சரிபார்க்கிறதும் அந்தப் பெட்டியோட மேஜையிலதான். மனு வந்ததும் நிலவரம் பார்த்துத்தான் கையெழுத்து. கதவைப் பூட்டுன்னு கேட்டா, கதவு நிஜமா சாத்தியிருக்கா, சாவி உள்ளே இருக்கா, வண்டி ஓடுதான்னு பார்க்கும். ஏர்பேக் வெடிச்சுதுன்னு சேதி வந்தா யாரையும் கேட்காம பூட்டைத் திறந்து நாலு சிக்னலையும் போட்டுவிடும்.

உள்ளே ரிலேக்கள் குறைஞ்சு போச்சு. அந்த வேலையை எங்க லைன்ல ஓடுற மாதிரி சில்லு செய்யுது. விரல் நகம் அளவு. ஒரு பக்கம் 12 வோல்ட், இன்னொரு பக்கம் லாம்பு. நடுவுல இருந்துகிட்டு எவ்வளவு கரண்ட் போகுதுன்னு அளந்து சொல்லும், ஷார்ட் ஆனா தானே மூடிக்கும், சிலிக்கன் சூடு 150 டிகிரியைத் தாண்டினாலும் மூடிக்கும், ஆறினதும் திரும்ப முயற்சி பண்ணும். டேபிள்ல வச்சு வேணும்னே ஷார்ட் பண்ணி அதைக் கொல்லப் பார்க்கறதுதான் எனக்குச் சம்பளம். சும்மா சொல்லல, லேசுல சாகாது. அதனால "பிசிஎம் போச்சு"ன்னு யாராவது அரை மணி நேரத்துல சொன்னா எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

அடுத்து, பெட்டிகள் பேசிக்கிற விதம். கதவுக்கு ஒண்ணு, மீட்டருக்கு ஒண்ணு, ஏர்கானுக்கு ஒண்ணு, எஞ்சினுக்கு ஒண்ணு. எல்லாம் முறுக்கின ரெண்டே வயர்ல பேசுது. பேரு கேன் (CAN). 1986-ல பாஷ் கம்பெனி வெளியிட்டது. கல்யாண மண்டபத்துல மைக் பிடிச்சுப் பேசற மாதிரி: யாருக்குன்னு விலாசம் கிடையாது, இன்ன சேதின்னு ஒரு நம்பர் மட்டும் இருக்கும். எல்லார் காதுலயும் விழும், வேண்டியவங்க எடுத்துக்குவாங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல வாயைத் திறந்தா சின்ன நம்பர்காரர் பேசுவார், பெரிய நம்பர்காரர் நிறுத்திட்டுக் காத்திருப்பார். முக்கியமான சேதிகளுக்குச் சின்ன நம்பர் கொடுக்கறது அதனாலதான். இதைவிட மலிவா, ஒத்தை வயர்ல, லின் (LIN)னு ஒண்ணு இருக்கு. கண்ணாடி மோட்டார், மழை சென்சர் மாதிரி அவசரமில்லாத ஆளுங்களுக்கு.

இப்போ பேட்டரி. காடியைப் பூட்டினதும் ஒவ்வொரு பெட்டியா கண்ணை மூடும். முழுசா அடங்க சில காடிக்கு ரெண்டு நிமிஷம், சில காடிக்கு அரை மணிக்கு மேல. அடங்கினப்புறம் காடி மொத்தத்துக்கும் 50 மில்லி ஆம்பியருக்குள்ளதான் போகணும். ஆனா யாராவது ஒருத்தர் "கதவு திறந்திருக்கு, கதவு திறந்திருக்கு"ன்னு கத்திக்கிட்டே இருந்தா மத்தவங்களும் தூங்க முடியாது. வீட்ல ஒரு கைக்குழந்தை முழிச்சிருந்தா பாட்டி வரைக்கும் முழிச்சிருக்கற கதைதான்.

வயர்மேன் பாகான் | திங்கள், மதியம் 1.10

தங்கச்சி நல்லா சொன்னாங்க. இல்ல தம்பியா? பேரைப் பார்த்தா தெரியல.

யூ 0140ன்னா "பிசிஎம்மோட பேச முடியல". பிசிஎம் செத்துப் போச்சுன்னு அர்த்தம் இல்ல. பேட்டரி 8, 9 வோல்ட்டுக்கு இறங்கிட்டா எல்லாப் பெட்டியும் மயங்கும். அந்த நேரத்துல ஒருத்தர் இன்னொருத்தரைக் காணோம்னு எழுதி வச்சுக்கும். யூல ஆரம்பிக்கிற நாலஞ்சு கோடு ஒண்ணா வந்தா அது அநேகமா கோசோங் ஆன அன்னிக்கு எழுதின பழைய கணக்கு. முதல்ல அழிக்கணும், ரெண்டு நாள் ஓட்டணும், எது திரும்ப வருதுன்னு பார்க்கணும். அழிக்காம தீர்ப்பு சொன்னவன் கிட்ட திரும்பப் போகாதே.

ஒரு மீட்டர் வாங்கு. 40 வெள்ளி மீட்டர் போதும். சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டையில சொருகு. பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, கழட்டின கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவுல மீட்டர். அதுக்கு முன்னாடி பானட்டைத் திறந்து வை. டிரைவர் கதவைத் திறந்து, கதவு ஓரத்துல பூட்டு நாக்கு இருக்கும் பாரு, அதை ஸ்க்ரூடிரைவரால அமுக்கி மூடு. கதவு திறந்தே இருக்கும், காடி சாத்தியிருக்குன்னு நினைச்சுக்கும். இப்போ பியூஸ் பாக்ஸை எட்டிப் பார்க்க வழி இருக்கு. சாவியை வீட்டுக்குள்ள கொண்டு போய் வை, பக்கத்துல வச்சிருந்தா அது முழிச்சுக்கிட்டே இருக்கும். நாற்பது நிமிஷம் தே தாரேக் குடி. மீட்டர் இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணாதே, கண்ணாடியை இறக்காதே.

முடிஞ்சதும் அந்த நாக்கைத் திரும்ப விடுவிச்சுட்டுத்தான் கதவைச் சாத்தணும். மறந்து ஓங்கிச் சாத்தி பூட்டை உடைச்சவங்களைப் பார்த்திருக்கேன். நானும் ஒரு தடவை.

நைட் ஷிஃப்ட் | திங்கள், மாலை 6.30

தங்கச்சிதான் அண்ணே 😄

கயல் பிறை | திங்கள், இரவு 9.02

பொட்டோங் கடைப் பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி என் கதையைக் கேளுங்க சுரேன்.

என் அண்ணன் காடிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி அப்படித்தான் ஒண்ணு மாட்டினோம். சாமான் நம்பர் ஒரே நம்பர், பிளக் எல்லாம் அழகா உட்கார்ந்துச்சு. சாவியைத் திருப்பினா எஞ்சின் சுத்துது, பிடிக்கல. மீட்டர்ல சாவி படம் மின்னுது. விஷயம் என்னன்னா சாவித் தலையில ஒரு சின்ன சில்லு இருக்கு. அதுக்கு பேட்டரி கிடையாது, இக்னிஷன் சுத்தி இருக்கற காயில்தான் அதுக்கு உயிர் கொடுத்து, நீ யாருன்னு கேட்கும். பதில் சரியா இருந்தாத்தான் எஞ்சின் பெட்டிக்கு "இவர் நம்ம ஆளு"ன்னு சேதி போகும். மாட்டின பெட்டிக்கு ஞாபகம் இருக்கறதெல்லாம் அதோட பழைய எஜமான் சாவிதான். எங்க சாவி அதுக்குத் திருடன்.

அப்புறம் ஒருத்தரைப் பிடிச்சு, பழைய பெட்டியைத் திறந்து, அதுக்குள்ள இருக்கற ஞாபகச் சில்லைப் படிச்சு, புதுசுல எழுதி... 350 வெள்ளி. அதுவும் முடிஞ்சு பார்த்தா, இல்லாத சன்ரூஃப் மெனு வருது, இருக்கற பின் வைப்பர் வேலை செய்யல. அந்தப் பெட்டி வேற மாடல்ல இருந்தது, இன்ன சாமான் இந்தக் காடியில இருக்குன்னு அதுக்கு எழுதி வைக்கணுமாம். இன்னொரு 150. சில காடியில கிலோமீட்டர் கணக்கோட நகலும் இதுல இருக்கும், மாத்தினா மீட்டர்ல குழப்பம் வேற. 600ங்கறது வெறும் பெட்டிக்கு மட்டும்.

குட்டி டிரிஃப்ட் | திங்கள், இரவு 9.40

நடுவுல புகுந்ததுக்கு சாரி. என் காடிக்கு சிக்னல் லாம்பு எல்இடி மாத்தினேன், மெஷின் கன் மாதிரி வேகமா அடிக்குது. இதுவும் பிசிஎம்மா?

வயர்மேன் பாகான் | திங்கள், இரவு 9.58

பிசிஎம்தான், ஆனா கெட்டுப் போகல, சரியாத்தான் வேலை செய்யுது. பழைய 21 வாட் பல்பு கிட்டத்தட்ட 1.75 ஆம்பியர் இழுக்கும். எல்இடி அதுல ஒரு சின்னப் பங்கு. பெட்டி கரண்டை அளந்து பார்த்து "பல்பு ஒண்ணு போச்சு, டிரைவருக்குச் சொல்லணும்"னு வேகமா அடிக்குது. நிமிஷத்துக்கு 60-லிருந்து 120 வரைதான் முறை. கடைக்காரன் தங்கக் கலர் ரெசிஸ்டர் ஒண்ணு கொடுப்பான். அது அடுப்பு மாதிரி சுடும், பிளாஸ்டிக்கோட ஒட்டி வைக்காதே. நான்னா பழைய பல்பையே திரும்பப் போடுவேன்.

மாடரேட்டர் | திங்கள், இரவு 10.05

எல்இடி பேச்சு இத்தோட போதும், அதுக்குத் தனி இழை இருக்கு. சுரேன், மீட்டர் முடிவு வந்ததும் போடுங்க.

ஜெலுத்தோங் சுரேன் | புதன், இரவு 11.30

மீட்டர் வாங்கியாச்சு. முதல் ராத்திரியே சாவியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டு பக்கத்துலயே நின்னேன், நம்பர் ஏறி ஏறி இறங்குது, ஒண்ணும் புரியல. இன்னிக்கு சாவியை மாடியில வச்சுட்டு வந்தேன்.

40 நிமிஷத்துக்குப் பிறகு 0.43 ஆம்பியர். டாஷ்கேம் வயரைப் பிடுங்கினேன், 0.28. அதுக்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது. இன்னும் பத்து நிமிஷம் நின்னேன். திடீர்னு 1.1-க்குத் தாவுது, அதே நேரம் ரூம் லைட் எரியுது! கொஞ்ச நேரத்துல அணைஞ்சு மறுபடி 0.28.

நைட் ஷிஃப்ட் | வியாழன், காலை 8.05

0.43 ஆம்பியர்னா ஒரு நாளைக்கு 10 ஆம்பியர் மணிக்கு மேல. உங்க பேட்டரி 45 ஆம்பியர் மணி சைஸா இருந்தா நாலரை நாள். திங்கள் போட்டு சனி செத்தது கணக்குப்படி சரியா வருது. டாஷ்கேம் கூட்டாளி மட்டும்தான், தலைவன் அந்த 0.28.

ரூம் லைட் தானா எரிஞ்சது நல்ல துப்பு. கதவு திறந்திருக்குன்னு பெட்டி நம்புது. லைட் கெட்டுப் போகல, கேட்ட சேதிதான் தப்பு.

அடுத்த வேலை. பியூஸைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்க்காதீங்க. பிடுங்கிச் சொருகினாலே தூங்கின பெட்டிகள் முழிச்சுக்கும், அப்புறம் இன்னொரு நாற்பது நிமிஷம். பியூஸ் முதுகுல ரெண்டு பொட்டு உலோகம் தெரியும். மீட்டர்ல சிவப்பு வயரை வோல்ட் ஓட்டைக்கு மாத்திட்டு, மில்லிவோல்ட்ல வச்சு ரெண்டு பொட்டையும் தொடுங்க. கரண்ட் போகாத பியூஸ்ல பூஜ்யம். 10 ஆம்பியர் சின்ன பியூஸ்ல 0.28 போனா கிட்டத்தட்ட 2 மில்லிவோல்ட் காட்டும். எதுல காட்டுதோ அந்த வழி போங்க.

பழைய சாகா | வியாழன், காலை 10.22

என் சாகாவுல பியூஸ் மொத்தமே ஒரு கைப்பிடிதான்...

கயல் பிறை | வியாழன், காலை 10.40

அங்கிள், உங்க சாகாவுல கண்ணாடி ஏறும்போது குழந்தை கை மாட்டினா நிக்குமா? இப்போ இருக்கற ஆட்டோ கண்ணாடியில மோட்டாருக்குள்ள ஒரு சென்சர் சுத்தை எண்ணிக்கிட்டே இருக்கு. சுத்து திடீர்னு மெதுவாச்சுன்னா நடுவுல என்னமோ இருக்குன்னு நிறுத்தித் திரும்ப இறக்கிடும். 100 நியூட்டனுக்கு மேல அழுத்தக் கூடாதுன்னு விதி, அதாவது சுமார் 10 கிலோ பாரம். என் பையனோட விரல் அப்படித்தான் தப்பிச்சுது. பழசு எல்லாமே நல்லதுன்னு சொல்லாதீங்க.

பழைய சாகா | வியாழன், காலை 11.15

அது சரிதான்மா. என் சாகாவுல கண்ணாடியைக் கையாலதான் சுத்தணும், ஆனாலும் நீ சொல்றது சரி.

ஜெலுத்தோங் சுரேன் | வியாழன், இரவு 11.48

ரெண்டு பியூஸ்ல காட்டுது. ஒண்ணு பிசிஎம்னே எழுதியிருக்கு, இன்னொண்ணு மீட்டர். அப்போ ஒர்க்‌ஷாப் சொன்னது சரிதானா? 2,400 கட்ட வேண்டியதுதானா?

வயர்மேன் பாகான் | வெள்ளி, காலை 6.50

ஐயோ தம்பி. முழிச்சிருக்கறவன் குற்றவாளி இல்ல, முழிக்க வச்சவனைத் தேடறோம்.

பாயைத் தூக்கச் சொல்லி அஞ்சு நாளாச்சு. தூக்கினியா?

ஜெலுத்தோங் சுரேன் | வெள்ளி, காலை 7.15

அண்ணே... இப்போதான் தூக்கினேன். மேல காஞ்சிருக்கு. கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கற பஞ்சை அமுக்கினா தண்ணி வருது. ஊறின நாய் வாசனை.

வயர்மேன் பாகான் | வெள்ளி, காலை 7.18

ஞாயித்துக்கிழமை பட்டர்வொர்த்துக்கு வா. விலாசம் தனியா அனுப்பறேன். வரும்போது காடியைக் கழுவிட்டு வராதே. அந்த அங்சானா இலை எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

நைட் ஷிஃப்ட் | வெள்ளி, காலை 8.30

அப்போ வைப்பர் கதையும் புரிஞ்சிடுச்சு. வைப்பர் தண்டுல ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனி வயர் ஓட்டினா வயர் செலவு. அதனால நிறைய காடியில ஒரே வயர், உள்ளே ஒவ்வொரு நிலைக்கும் வேற வேற ரெசிஸ்டர். ஆஃப்னா ஒரு வோல்டேஜ், விட்டு விட்டு வீசுன்னா ஒரு வோல்டேஜ், வேகம்னா இன்னொரு வோல்டேஜ். பெட்டி அந்த வோல்டேஜை அளந்துதான் நீங்க என்ன கேட்கறீங்கன்னு தெரிஞ்சுக்கும். பிளக்குக்குள்ள ஈரம் புகுந்தா அதுவே ஒரு ரெசிஸ்டர் மாதிரி நடுவுல உட்கார்ந்துக்கும். ஆஃப்ங்கற வோல்டேஜ் நகர்ந்து "ஒரு வீச்சு வீசு"ங்கற இடத்துக்குப் போயிடும்.

கதவுச் சுவிட்சும் அப்படித்தான். கதவு திறந்தா அந்த வயர் கிரவுண்டை (பேட்டரி நெகட்டிவோட சேர்ந்த காடி உடம்பை) தொடும், அவ்வளவுதான் அதோட மொழி. ஈரம் கொஞ்சம் கரண்டைக் கிரவுண்டுக்குக் கசிய விட்டா, திறக்காத கதவு திறந்த கதவு ஆயிடும். பெட்டி சரியாத்தான் யோசிக்குது, காதுல தண்ணி போயிருக்கு.

கிரவுண்டும் பாருங்கண்ணே. வோல்டேஜை எல்லாம் கிரவுண்டை வச்சுத்தான் அளக்குது, அடி ஆடினா எல்லாம் ஆடும்.

ஜெலுத்தோங் சுரேன் | ஞாயிறு, இரவு 9.35

நீளமா எழுதப் போறேன், மன்னிச்சுக்குங்க.

அண்ணன் முதல்ல பிசிஎம் பக்கமே போகல. பானட்டைத் திறந்து, கண்ணாடிக்குக் கீழே வைப்பர் நிக்குற அந்தக் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினார். உள்ளே அங்சானா இலை, பூ, காய் எல்லாம் மக்கி தேயிலைத் தூள் மாதிரி ஒரு கிலோ இருக்கும். வலது மூலையில தண்ணி இறங்குற ஓட்டை மொத்தமா அடைஞ்சிருக்கு. ஒரு பாட்டில் தண்ணி ஊத்தினார். தொட்டி மாதிரி நின்னுச்சு. "இப்போ உள்ளே போய்ப் பாரு"ன்னார். டிரைவர் கால் பக்கம் வலது ஓரத்துல, வயர் எல்லாம் உள்ளே வர்ற ரப்பர் வழியா ஒரு சொட்டு. எண்ணி அஞ்சு. அடுத்த சொட்டு. அந்தச் சொட்டு வயர் கட்டோட முதுகுலயே ஊர்ந்து போய், நேரா பிசிஎம் மேல் பிளக்ல இறங்குது. பார்த்துக்கிட்டே நின்னேன். இதுக்குத்தான் 2,400 கேட்டாங்க.

ஸ்கேனர்ல கோடு பார்க்கல, ஒவ்வொரு கதவும் இப்போ என்ன சொல்லுதுன்னு அந்தப் பக்கத்தைத் திறந்தார். நாலு கதவும் சாத்தி, உள்ளே உட்கார்ந்திருக்கோம். முன் இடது கதவு: சாத்தியிருக்கு, திறந்திருக்கு, சாத்தியிருக்கு. யாரும் தொடல.

அப்புறம் கிரவுண்ட். ஹெட்லைட், வைப்பர், பின் கண்ணாடி சூடு எல்லாம் போட்டுட்டு, மீட்டர்ல ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொரு முனையை பிசிஎம் கிரவுண்ட் வயர் முனையில வச்சார். 0.9 வோல்ட். "0.1-க்குள்ள இருக்கணும்"னார். கால் பக்கத்து பிளாஸ்டிக்கைக் கழட்டினா, 10 நம்பர் போல்ட் ஒண்ணு, அதுல நாலு கறுப்பு வயர். போல்ட் தலை பழுப்பு, அடியில துரு செதில் செதிலா. ஸ்பானர் போட்டதும் கர்ருனு ஒரு சத்தம்.

பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் பிளக்கைத் தொட்டார். 30 பின் இருக்கும், அதுல அஞ்சாறு பின் பச்சை பூத்திருக்கு, பழைய பித்தளைக் குத்துவிளக்கை விளக்காம வச்சா வருமே, அதே பச்சை. பிளக் கிளீனர் அடிச்சு, மெல்லிசு பிரஷ்ஷால தேய்ச்சு, ஹேர் டிரையர் வச்சு காய வச்சார். பெட்டியைத் திறந்தும் பார்த்தார். போர்டு சுத்தம். ஒரு மூலையில செத்துப் போன குட்டிப் பல்லி. "இது வேற கேஸ்"னு எடுத்துப் போட்டார். கிரவுண்ட் போல்ட் இடத்தை உப்புத்தாளால உலோகம் தெரியற வரைக்கும் தேய்ச்சு, புது போல்ட், மேல கிரீஸ். ரப்பரைச் சுத்தி சீலன்ட். வயர் கட்டை, பிளக்குக்கு முன்னாடி கீழே தொங்கற மாதிரி வளைச்சுக் கட்டினார். இனி தண்ணி வந்தாலும் அந்த வளைவுல சொட்டிடும், பிளக்குக்கு ஏறாது.

நாலு மணி நேரம். 180 வெள்ளி கேட்டார், 200 கொடுத்தேன், 20-ஐத் திருப்பி என் பாக்கெட்லயே சொருகிட்டார்.

நாற்பது நிமிஷம் கழிச்சு: 22 மில்லி ஆம்பியர். ஆம்பியர் இல்ல, மில்லி.

நைட் ஷிஃப்ட் | ஞாயிறு, இரவு 10.10

22! அந்த 0.9 வோல்ட்டைப் பார்த்ததும் சந்தோஷமா இருக்கு, வித்தியாசமா நினைக்காதீங்க. பார்க்கிங் டாஷ்கேமை மறுபடி மாட்டறதா இருந்தா 12 வோல்ட்டுக்குக் கீழே தானா கட் ஆகிற கிட் போடுங்க. வாரத்துக்கு ஒரு தடவை எடுக்கற காடிக்கு அது கூட அதிகம்னுதான் சொல்வேன்.

வயர்மேன் பாகான் | ஞாயிறு, இரவு 10.41

முழுசா சந்தோஷப்படாதே தம்பி. பச்சை பூத்த பின்ல முலாம் போயிருக்கும், திரும்ப வரலாம். ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை பிளக்கைத் திறந்து காட்டு. திரும்ப வந்தா அந்த அஞ்சாறு பின்னை மட்டும் மாத்தலாம், அப்பவும் பெட்டி தேவைப்படாது. பஞ்சைக் கழட்டி வெயில்ல போட்டியா? போடலன்னா காடிக்குள்ளேயே ஆவியாகி மறுபடி மேல ஏறும்.

இன்னொண்ணு, எல்லாரும் படிக்கிறதால எழுதறேன். பெட்டிப் பின்ல பல்பு வச்ச பழைய டெஸ்ட் லாம்பால குத்திப் பார்க்காதீங்க. அது இழுக்கற கரண்ட் சில பின்னுக்குத் தாங்காது. நல்ல பெட்டி அங்கேயே சாகும், அப்புறம் நிஜமாவே 2,400.

ஜெலுத்தோங் சுரேன் | செவ்வாய், இரவு 8.20

பஞ்சு மொட்டை மாடியில காயுது அண்ணே. ஒரு சின்னக் குறை. பேட்டரி கழட்டி மாட்டினதுலேருந்து டிரைவர் கண்ணாடி ஒரே தட்டுல மேல ஏறல. கையை எடுத்தா நடுவுல நின்னுடுது. மறுபடி எதாவது போச்சா?

கயல் பிறை | செவ்வாய், இரவு 8.34

போகல. கரண்ட் போனதும் கண்ணாடி எங்க இருக்குன்னு எண்ணின கணக்கை மறந்துடுச்சு. மேல எது, கீழே எதுன்னு தெரியாம ஆட்டோவா ஏத்த அதுக்குப் பயம், கை மாட்டிக்கும்ல. முழுசா இறக்குங்க, அப்புறம் சுவிட்சைத் தூக்கிப் பிடிச்சே ஏத்துங்க, மேல முட்டின பிறகும் ஒரு சில செகண்ட் விடாதீங்க. சில காடிக்கு ரெண்டு தடவை செய்யணும்.

ஜெலுத்தோங் சுரேன் | செவ்வாய், இரவு 8.51

ரெண்டாவது தடவை பிடிச்சுக்கிச்சு. ஒரே தட்டுல ஏறுது. நன்றி அக்கா. வெள்ளிக்கிழமை காலையில சுங்கை சிப்புட்.

பழைய சாகா | செவ்வாய், இரவு 9.30

நல்லபடியா போயிட்டு வா தம்பி. சரி, இங்க இருக்கற வயர்மேனுக்கு ஒரு கேள்வி. என் மக காடி, மூணு வருஷம்தான் ஆகுது. மழை பெஞ்ச மறுநாள் ஹார்ன் அழுத்தாமலே ஒரு தடவை அடிக்குதுங்கறா. நான் அவளைத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.

வயர்மேன் பாகான் | செவ்வாய், இரவு 9.33

பாயைத் தூக்கினீங்களா அங்கிள்?

மாடரேட்டர் | செவ்வாய், இரவு 9.40

அங்கிள், புது இழை திறந்து கேளுங்க. இதைப் பூட்டறேன்.